ரேம் வாங்கப் போன கதை

எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் ஏதோ ஒரு கம்பெனி கழித்துக் கட்டிய பழசு. நாலாம் தலைமுறை ஐ5, நாலு ஜிபி ரேம். டேலியும் எக்செலும் சேர்ந்து திறந்தால் மவுஸ் அம்பு நடுவழியில் நின்றுவிடும். புராஜெக்ட் கொடுக்கும் தேதியோ நெருங்கிவிட்டது. அப்பா ஓவர்டைம் காசிலிருந்து எடுத்துக் கொடுத்து, "பார்த்து வாங்குடா" என்றார். அதைத்தான் நான் செய்யவில்லை.

அன்று கிருத்திகை. வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க வந்த கூட்டத்தில் நசுங்கி பஸ் ஏறி, ஒரகடம், தாம்பரம், அப்புறம் ரயில் என்று சென்னை ரிச்சி தெரு போய்ச் சேர்ந்தேன். ஒரு கடையில் டிடிஆர்3 எட்டு ஜிபி ரேம் பாதி விலைக்குக் கிடந்தது. "என்ன போர்டுக்கு தம்பி?" என்றார் கடைக்காரர். "எல்லாம் டிடிஆர்3 தானேண்ணே" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

வீட்டில் மாட்டினேன். 'டக்'கென்று கச்சிதமாக உட்கார்ந்தது. ஆன் செய்தால் பீப் பீப் சத்தம், திரை கருப்பு. கழற்றி, ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டினேன். அதே பீப்.

பிறகுதான் லேபிளைப் படித்தேன். பழைய ரேமில் பிசி3-12800யூ. புதியதில் பிசி3-12800ஆர். ஒரே ஒரு எழுத்து! 12800 என்பது வேகம்: 1600 பெருக்கல் 8 பைட். 'யூ' நம் டெஸ்க்டாப்புக்கானது. 'ஆர்' என்றால் ரிஜிஸ்டர்டு, அதாவது சர்வர் ரேம். நிறைய ரேம்களைத் தாங்குவதற்காக நடுவில் தனியாக ஒரு சிப் வைத்திருப்பார்கள். நம் பிராசசருக்கு அதோடு பேசத் தெரியாது. கம்பெனிகள் சர்வர்களை மொத்தமாகக் கழிப்பதால்தான் அந்த மலிவு விலை.

நாங்கள் படிக்கும் பாடத்திலேயே இது இருக்கிறது. ராமு கணக்கில் எழுத வேண்டியதை சோமு கணக்கில் எழுதினாலும் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிடும். டேலி ஆனதாலேயே சரி என்று அர்த்தமில்லை. ரேம் பொருந்துவதும் அப்படித்தான்.

டிடிஆர்3-ஐயும் டிடிஆர்4-ஐயும் குழப்பினால்கூட வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஸ்லாட்டே காட்டிக் கொடுத்துவிடும். யூ, ஆர் விஷயத்தில் அந்தக் காவல் இல்லை. அதனால் கடைக்குப் போகுமுன் பழைய ரேமின் லேபிளை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஸ்லாட் காலி என்று டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். வேகம் வேறுபட்டால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும்.

மறுவாரம் கடைக்காரரிடம் கெஞ்சி, கொஞ்சம் நஷ்டத்தோடு நாலு ஜிபி 'யூ' வாங்கி வந்தேன். இப்போது மொத்தம் எட்டு. டேலியும் எக்செலும் சண்டை போடுவதில்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் இடத்தில் இருக்கிறார். திட்டவில்லை. "எங்க லைன்ல பார்ட் நம்பர்ல ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பிடுவோம்டா" என்றார்.

முதலிலேயே அவரைக் கூட்டிப் போயிருக்கலாம்.