கண்டுபிடித்தவருக்கு என்ன கூலி?
20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்தபின், பழைய கார் வைத்திருப்பவர்களுக்குக் கைகாட்ட ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டான். அம்பாசிடரோ சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, வெயிலில் ஓடிச் சூடேறி சிக்னலில் அணைந்து போனால் "எல்லாம் இந்தப் பெட்ரோலால்தான்" என்கிறார்கள். பழைய பட்டறைகளில் நடக்கும் வேலையைக் கவனித்ததில் எனக்குத் தோன்றுவது வேறு. பெட்ரோல் மேல் பாதிக் குற்றம்தான் நிற்கும். மீதி நம் மேல்தான்.

சூட்டில் அணைந்து ஆறியதும் கிளம்பும் வண்டிக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நோய்கள் இருக்கலாம். ஒன்று, பெட்ரோல் வராதது: எக்ஸாஸ்ட் சூட்டில் ஏசி பம்ப் எனப்படும் பெட்ரோல் பம்ப்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். டேங்க் மூடியின் காற்றுத்துளை தூர்ந்தாலும் இதே கதைதான். மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று உள்ளே போனால் அங்கேயே முடிந்தது விசாரணை. மற்றொன்று, கரண்ட் வராதது. டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் விரல்நுனி அளவுக் கண்டன்சர், மின்சாரத்தைத் துண்டிக்கும் சிபி பாயிண்ட் திறக்கும்போது அங்கே பாயத் துடிக்கும் மின்சாரத்தைத் தன்னிடம் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் காயிலில் உயர் மின்னழுத்தம் எழும்புகிறது. சூட்டில் கண்டன்சரின் உள்காப்பு கசிந்தால் பொறி மங்கி, பாயிண்டும் கருகும். ஆறினால் மறுபடி யோக்கியமாகிவிடும். ஆறிய வண்டியைப் பட்டறையில் நிறுத்திக் குறை தேடுவது வீண் என்பது இதனால்தான். கைதேர்ந்த மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேட்பது, வண்டி எப்படி அணைந்தது என்று. இழுவை குறைந்து, குலுங்கி, இருமி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல்; சாவியைத் திருப்பியதுபோல் சட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட். பிறகு அணைந்த சூட்டிலேயே பிளக்கைக் கழற்றி இன்ஜின் உடம்பில் வைத்து, பொறி நீலமா மஞ்சளா என்று பார்ப்பார். கார்புரேட்டரைத் தொடுவது அதற்கப்புறம்தான்.

எத்தனாலுக்குப் பங்கே இல்லையா? உண்டு. பழைய ரப்பர் குழாயையும் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் அது கெடுக்கும், ஈரத்தை இழுக்கும், டேங்க்கில் படிந்த கசட்டைக் கிளப்பிவிடும். ஆனால் கண்டன்சரில் ஒரு சொட்டுப் பெட்ரோலும் படுவதில்லை. எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்பவர்கள் சொல்வதும் நியாயமே. பாயிண்டும் கண்டன்சரும் அதோடு ஒழியும். ஒழியாதது டேங்க் மூடியும் கொதிக்கும் பம்ப்பும். நடுரோட்டில் அந்த எலெக்ட்ரானிக் பெட்டி செத்தால், பாயிண்டைப்போல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கிளப்பிக்கொண்டு வீடு சேரவும் முடியாது.

எனக்குக் கோபம் வருவது கணக்குப் போடும் இடத்தில். சில நூறு ரூபாய் கூடப் பெறாத கண்டன்சர்தான் குறை என்று சொல்ல முப்பது வருட அனுபவம் வேண்டும். ஆனால் பில்லில் ஏறுவது கண்டன்சரின் விலை மட்டுமே. காயில், பம்ப், கார்புரேட்டர் என்று வரிசையாக மாற்றினால் உதிரிபாகக் கடைக்கு லாபம், மாற்றியவருக்குக் கமிஷன், உரிமையாளருக்கும் பெரிய வேலை நடந்த திருப்தி. புதுப் பெட்டியில் வரும் மட்டமான கண்டன்சர் சீக்கிரமே செத்தால் கடைக்கு இன்னொரு வியாபாரம். சரியாகக் கண்டுபிடித்தவர் நஷ்டப்பட, தப்பாக மாற்றியவர் சம்பாதிக்கும் தொழிலில் எந்தப் பையன் வந்து சேருவான்? இன்ஜெக்‌ஷன் வண்டிகள் வந்ததால் இந்தக் கைவேலை அழிகிறது என்பது பாதி உண்மைதான். வண்டிகள் இன்னும் இருக்கின்றன, கூலிதான் இல்லை. பழைய கார் வைத்திருப்பவர்களே, அடுத்த முறை பில் வாங்கும்போது மாற்றிய சாமானுக்கு ஒரு தொகையும், குறையைக் கண்டுபிடித்ததற்குத் தனியாக ஒரு தொகையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது தொகையில் பேரம் பேசாதீர்கள்.