கட்டடத்துக்கும் எடை உண்டு



ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் காண்டா கம்பைத் தெரியாமல் இருக்காது. இரண்டு முனையிலும் பால் வாளி தொங்க, தோளில் ஏறியவுடன் அது சற்று வளையும். நடக்கிற நடைக்குத் தகுந்தபடி மேலும் கீழும் ஆடும். பால் நிறுக்கும் இடத்தில் வாளியை இறக்கிவிட்டால் மறுபடி நேராகிவிடும். பல வருடம் சுமந்த பழைய கம்பு மட்டும், வாளி இல்லாதபோதும் கொஞ்சம் வளைந்தே கிடக்கும்.

பொருள்களின் வலிமையைப் பற்றிக் கனமான புத்தகங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றின் முதல் இரண்டு பாடங்களை இந்தக் கம்பே சொல்லிவிடுகிறது. ஓர் எல்லை வரை சுமை ஏற்றினால் பொருள் வளைந்துகொடுத்து, சுமை இறங்கியதும் பழையபடி ஆகும். எல்லையைத் தாண்டினால் திரும்பாது. இங்கிலாந்துக்காரர் ராபர்ட் ஹூக் 1678இல் இதில் முதல் பாதியை எழுதி வைத்தார். இரண்டு மடங்கு எடை தொங்கவிட்டால் சுருள்கம்பி இரண்டு மடங்கு நீளும் என்பது அவர் கண்ட கணக்கு. காண்டா தூக்கிய நம் பாட்டிமாருக்கு ஹூக்கைத் தெரியாது. ஆனால் எந்தக் கம்பை அடுப்புக்குப் போட வேண்டும் என்பது நன்றாகவே தெரியும்.

மூன்றாவது பாடத்துக்குச் சாக்பீஸ் போதும். வளைத்துப் பாருங்கள். வளையவே வளையாது, ‘டக்’கென்று ஒடியும். ஒரு ரப்பர் பட்டையை இழுத்தால் பல மடங்கு நீண்டு, வெளுத்து, ‘இதற்கு மேல் இழுக்காதே’ என்று சொல்லிவிட்டுத்தான் அறும். இரும்புக் கம்பியும் அப்படித்தான். நீண்டு, நடுவில் மெலிந்து, பிறகுதான் அறும். சாக்பீஸ், ஓடு, கண்ணாடி இவையெல்லாம் முன்னறிவிப்புக் கொடுக்காத சாதி.

ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. அது டயருக்கும் செருப்புக்கும்தான் போயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். லண்டனில், பாதாள ரயில் நிலையம் ஒன்றின் மேலே, 1966இல் ஆல்பனி கோர்ட் என்ற குடியிருப்பைக் கட்டியபோது, ரயிலின் அதிர்வு வீடுகளுக்குள் வராதபடி முழுக் கட்டடத்தையும் ரப்பர் மெத்தைகளின் மேல் நிறுத்தினார்கள். 1985இல் கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்றக் கட்டடத்தைப் பூகம்பத்துக்குப் பயந்து அதேபோல் நிறுத்தினார்கள். அந்த மெத்தைக்குரிய ரப்பர் கலவையை உருவாக்கியது, மலேசிய ரப்பர் உற்பத்தியாளர்கள் இங்கிலாந்தில் நடத்திய ஆய்வு நிலையம். விடியற்காலையில் வெட்டி எடுத்த பால் மரத்துப் பால் அந்த ஊர் நீதிபதிகளைக் காக்கிறது என்றால், நமக்கும் கொஞ்சம் பெருமைதானே!

இனி சிங்கப்பூருக்கு வருவோம். உங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று அங்கே வேலையில் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சாமான் வாங்கியிருப்பீர்கள். தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலையில் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் முன்னே நின்று காவடி பார்த்திருப்பீர்கள். அந்தக் கோயிலிலிருந்து தேக்கா பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் ஓவன் சாலை குறுக்கிடும். அந்த முனையில் 1971இல் கட்டிய ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. பெயர் லியான் யாக் பில்டிங். கீழே ஒரு வங்கி, அதற்கு மேலே இரவு விடுதி, அதற்கும் மேலே ஓட்டல் நியூ வோர்ல்ட். ஊர் மக்கள் ஓட்டலின் பெயராலேயே அதை அழைத்தார்கள்.

1986ஆம் ஆண்டு மார்ச் 15, சனிக்கிழமை. காலை பதினொன்றரை மணியளவில் அது அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 50 பேர் உள்ளே அகப்பட்டார்கள்.

மேலே கிடந்த இடிபாட்டைப் பெரிய இயந்திரங்களைக் கொண்டு வாரத் தொடங்கினார்கள். அப்போது சிங்கப்பூரில் எம்.ஆர்.டி. ரயிலுக்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த அயர்லாந்து, பிரிட்டன், ஜப்பான் நாட்டு நிபுணர்கள் சிலர் தாமாகவே ஓடிவந்தார்கள். இயந்திரம் மேலே ஏறினால் அடியில் உயிரோடு இருப்பவர்களும் நசுங்கிப்போவார்கள் என்று சொல்லி, இடிபாட்டுக்குள் சிறு சுரங்கங்கள் குடைந்து, தவழ்ந்து போய் ஆட்களை எடுத்தார்கள். 17 பேர் பிழைத்தார்கள். 33 பேர் போய்விட்டார்கள்.

காரணம் என்ன? வெடிகுண்டு என்றார்கள் சிலர். ரயில் சுரங்க வேலைதான் நிலத்தைக் கலக்கியது என்றார்கள் சிலர். மொட்டைமாடியில் குளிர்சாதனப் பெட்டிகளை ஏற்றினார்கள், வங்கியில் கனமான இரும்புப் பெட்டகம் வைத்தார்கள், வெளிச்சுவர் முழுக்க ஓடு பதித்தார்கள், அந்தப் பாரம்தான் என்றார்கள் வேறு சிலர். விசாரணைக் குழு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒதுக்கியது. பிறகு சேர்ந்த பாரம் உண்மைதான். ஆனால் கட்டடம் ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்த பாரத்துக்கு முன்னால் அது பொருட்டே இல்லை.

கட்டடக் கணக்கில் இரண்டு வகை எடை உண்டு. ஆட்கள், கட்டில், மேசை, சாமான்கள் என்று வந்து போகிற எடை ஒன்று. தளம், சுவர், உத்தரம், தூண் என்று கட்டடத்தின் சொந்த எடை மற்றொன்று. இந்தக் கட்டடத்துக்குத் தூண் கணக்குப் போட்டபோது வந்து போகிற எடையைச் சேர்த்திருந்தார்கள். சொந்த எடையைச் சேர்க்கவே இல்லை!

இது எத்தனை பெரிய விடுபடல் என்பதை நீங்களே பெருக்கிப் பாருங்கள். பத்தடிக்குப் பத்தடி ஓர் அறை. தளம் ஆறு அங்குல கனம் என்று வைப்போம். ஐம்பது கன அடி காங்கிரீட் ஆகிறது. ஒரு கன அடி சுமார் 68 கிலோ. ஆக, அந்தச் சிறிய அறையின் தளம் மட்டும் 3,400 கிலோ. ஆளுக்கு 60 கிலோ என்றால் 56 பேருடைய எடை. நூறு சதுர அடியில் 56 பேர் என்றால் தைப்பூசத்து ரதத்தடி நெரிசல்தான். கட்டில் ஒன்றும் ஆள் இரண்டும் இருக்கிற அறையில், கண்ணுக்குத் தெரியாமல் 56 பேர் எப்போதும் நிற்கிறார்கள். அறையில் தங்குகிறவரை எண்ணிவிட்டு அறையை எண்ணாமல் விட்டார்கள். அதுவும் மாடிக்கு மாடி.

‘அப்படியானால் கட்டிய அன்றே விழுந்திருக்க வேண்டுமே, பதினைந்து வருடம் எப்படி நின்றது?’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எந்தத் தூணையும் தேவைக்கு மேலே கொஞ்சம் பலமாகத்தான் கணக்கிடுவார்கள். நிச்சயமில்லாத காலத்துக்கென்று அரிசிப் பானையில் ஒரு பிடி மிச்சம் வைப்பதுபோல. இந்தக் கட்டடம் அந்த மிச்சத்தைச் சாப்பிட்டே காலம் தள்ளியது.

காங்கிரீட்டின் இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும். சுமை மாறாமல் அப்படியே இருந்தாலும், நாள் ஆக ஆக அது சிறிது சிறிதாக அமுங்கிக்கொண்டே போகும். சோதனைக்கூடத்தில் சில நிமிடங்களில் நசுக்கிப் பார்க்கும்போது 100 பங்கு தாங்கும் காங்கிரீட், இடைவிடாமல் சுமந்தால் 80 பங்கிலேயே தோற்றுவிடலாம். அரிசி மூட்டையை ஒரு நிமிடம் தோளில் வைப்பது வேறு, பொழுது சாயும் வரை வைத்திருப்பது வேறு, இல்லையா?

அப்படித் தோற்கும்போது தூண் சும்மா இருப்பதில்லை. காங்கிரீட் நசுக்குவதைத் தாங்குவதில் பெரிய பலசாலி. இழுப்பதைத் தாங்குவதில் அதன் பலம் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். மேலிருந்து அளவுக்கு மீறி அமுக்கினால் தூண் பக்கவாட்டில் உப்பப் பார்க்கும். அந்த உப்பலே அதற்கு இழுவை. உடனே நெட்டுக்கு நெட்டாக விரிசல் விழும். இதைத் தடுக்கத்தான் உள்ளே இரும்புக் கம்பி நிறுத்தி, அதைச் சுற்றி வளையம் வளையமாகக் கட்டுகிறார்கள். கட்டுமான வேலையில் இருக்கும் தம்பிமாரே, முதுகு ஒடிய நீங்கள் கட்டுகிற அந்த வளையம் ஒப்புக்குக் கட்டுவதன்று. சாக்பீஸ் சாதியில் பிறந்த காங்கிரீட்டைக் காண்டா கம்பின் சாதிக்கு மாற்றுவது அதுதான்.

ஓவன் சாலைக் கட்டடத்தில் விழுவதற்கு முந்தின நாட்களிலேயே மூன்று தூண்கள் தோற்றுவிட்டன. நாலு பேர் தூக்கும் மரத்தில் ஒருவர் கையை விட்டால் மீதி மூன்று பேர் என்ன ஆவார்கள்? அதேதான். தோற்ற தூண்களின் பங்கு பக்கத்துத் தூண்களுக்குப் போயிற்று. அவையும் ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டிருந்தவை. ஒன்று போக மற்றொன்று, மற்றொன்று போக எல்லாம். தூண்கள் விரிசல் விட்டுச் சொல்லிப் பார்த்திருக்கின்றன. அந்த மொழி தெரிந்தவரை யாரும் அழைத்துவந்து காட்டவில்லை. எனக்கு அந்தக் கணக்குப் பிழையைவிட இதுதான் அதிகம் உறுத்துகிறது. கணக்கில் ஒரு வரி விட்டுப்போனது 1971இல். ஆளை வெளியே அனுப்புவதற்கு 1986 மார்ச்சிலும் நேரம் இருந்தது.

அதன் பிறகு சிங்கப்பூர் அரசு சும்மா இருக்கவில்லை. 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரு பொறியாளர் போட்ட கணக்கை, அதில் சம்பந்தமில்லாத மற்றொரு அங்கீகாரம் பெற்ற பொறியாளர் சரிபார்க்க வேண்டும் என்று ஆயிற்று. நின்றுகொண்டிருக்கும் கட்டடங்களையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பொறியாளர் பார்க்க வேண்டும். குடியிருப்பு என்றால் பத்து வருடம், மற்றவை ஐந்து வருடம்.

இருந்தும் 2004 ஏப்ரல் 20ஆம் தேதி பிற்பகலில் நிக்கல் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு பள்ளம் இடிந்தது. ரயில் பாதைக்காகச் சுமார் 30 மீட்டர் ஆழம் தோண்டி, இரண்டு பக்கச் சுவரும் உள்ளே சாயாதபடி குறுக்கே இரும்பு உத்தரங்களை முட்டுக் கொடுத்திருந்தார்கள். முட்டு சுவரைச் சந்திக்கும் இணைப்பு பலம் போதாமல் நெளிந்தது. ஒரு வரிசை நழுவ, பாரம் அடுத்த வரிசைக்குப் போக, ஓவன் சாலைக் கதைதான் மறுபடியும். நான்கு பேர் இறந்தார்கள். சுவர் எதிர்பார்த்ததைவிட அதிகம் நகர்வதை அளவுக் கருவிகள் முன்பே காட்டியிருந்தன. அன்று காலையிலிருந்தே இரும்பு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது; வேலையாட்கள் கேட்டிருக்கிறார்கள். தம் ஆட்களை மேலே ஏறிப் போகச்சொல்லி அனுப்பிய ஒரு மேற்பார்வையாளர் தாம் ஏற முடியாமல் உள்ளேயே போய்விட்டார். அவர் உடல் கிடைக்கவே இல்லை.

எல்லா விரிசலுக்கும் பயந்து ஓட வேண்டியதில்லை. பூச்சில் தலைமுடிபோல் ஓடும் வலைக்கோடு பெரும்பாலும் சிமெண்டு காய்ந்ததால் வருவது. தூணில் நெட்டாகவோ சாய்வாகவோ விழும் விரிசல் வேறு கதை. காங்கிரீட் செதிள் செதிளாக உதிர்ந்து துருக்கம்பி தெரிந்தாலும் அப்படியே. துருப்பிடித்த கம்பி பருத்து, காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். நேற்று வரை சரியாக மூடிய கதவு திடீரென்று நிலையில் மாட்டுவதும், இரவில் சுவருக்குள் ‘படீர்’ என்று சத்தம் வருவதும் கவனிக்க வேண்டியவை.

விரிசல் வளர்கிறதா என்று பார்க்கப் பொறியாளர் தேவையில்லை. அது முடிகிற இடத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். சில நாள் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டிப் போயிருந்தால் அது உயிருள்ள விரிசல். தோட்டத்து வீடானால் நிர்வாகத்திடமும், டவுன் வீடானால் நகராண்மைக் கழகத்திடமும் அந்தப் படத்தோடு போங்கள். சிங்கப்பூரில் வீவக வீட்டில் இருக்கும் பிள்ளைகள் நகர மன்றத்துக்குச் சொல்லலாம். தூணில் விரிசல் ஒரே நாளில் அகலமாகத் தெரிந்தால் பென்சில் தேட வேண்டாம். முதலில் குழந்தைகளையும் பெரியவர்களையும் வெளியே கூட்டிவாருங்கள்; போன் பிறகு பண்ணிக்கொள்ளலாம்.