பத்தாவது பிள்ளை



பிழைப்பைத் தேடி மும்பைக்கும் பெங்களூருவுக்கும் தில்லிக்கும் வந்து குடியேறிய நாம் வீட்டு வாடகை, ரேஷன் அட்டை, பிள்ளைகளின் படிப்பு என்று எத்தனையோ காரியங்களைக் குறித்துக் கவலைப்படுகிறோம். ஆனால், நம்முடைய வீட்டில் பேசப்படும் மொழிக்கு நாம் வாழும் மாநிலத்தில் என்ன உரிமை உண்டு என்று கேட்கிறவர்கள் நம்மில் வெகு சிலரே. அந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

சிறுபான்மை என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்கு மதமே நினைவுக்கு வருகிறது. நமது அரசியல் சாசனமோ மொழிச் சிறுபான்மையினரையும் சேர்த்தே பேசுகிறது. தனக்கென்று ஒரு மொழியையோ எழுத்தையோ பண்பாட்டையோ உடைய எந்த மக்கள் பிரிவும் அதைக் காத்துக்கொள்ளலாம் என்கிறது 29ஆம் பிரிவு. மதத்தாலோ மொழியாலோ சிறுபான்மையான மக்கள் தங்களுக்கென்று கல்வி நிலையங்களை நிறுவி நடத்தலாம் என்கிறது 30ஆம் பிரிவு.

அப்படியானால் சிறுபான்மையினர் யார்? 2002இல் டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அடங்கிய அமர்வு, மாநிலத்தை அளவாகக் கொண்டே இதைத் தீர்மானிக்க வேண்டும் என்று கூறியது. ஆகவே, சென்னையில் பெரும்பான்மையாக இருக்கும் தமிழர் மும்பையில் இறங்கியவுடன் சிறுபான்மையினர் ஆகிறார். மகாராஷ்டிராவில் பெரும்பான்மையாக இருக்கும் மராத்தியர் தஞ்சாவூரில் சிறுபான்மையினர். சிறுபான்மை என்பது ஒருவரின் பிறவிக் குணமல்ல. அவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது, எல்லைக்கோட்டுக்கு அப்பால் அகப்பட்டுக்கொண்ட மக்களுக்காக 350அ என்னும் பிரிவு சாசனத்தில் சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஒவ்வொரு மாநிலமும் உள்ளாட்சியும் முயற்சி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். 'அளிக்க வேண்டும்' என்றல்ல, 'அளிக்க முயற்சி செய்ய வேண்டும்' என்றே எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இதன் அரசியல் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. எவ்வளவு முயற்சி என்பதற்கு, 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்களின் மாநாடு முன்னரே ஓர் அளவு சொல்லியிருந்தது. பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகளோ, ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ அந்த மொழியைப் பேசுகிறவர்களாக இருந்தால், ஓர் ஆசிரியரையாவது நியமிக்க வேண்டும் என்பதே அது.

இந்தப் பத்து என்னும் எண்ணின் பாரத்தை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, மும்பையில் நான் குடியிருக்கும் பகுதியிலுள்ள பள்ளி ஒன்றின் தமிழ்வழி முதல் வகுப்பில் ஒன்பது பிள்ளைகளே சேர்ந்திருந்தார்கள். இத்தனை பேருக்காக ஓர் ஆசிரியரை வைத்திருக்க இயலாது என்று சொல்லிவிட்டார்கள். பெற்றோர் சிலரோடு நானும் பத்தாவது பிள்ளையைத் தேடிச் சந்து சந்தாக நடந்தேன். ஒரு வீட்டில் ஐந்து வயதுப் பையன் இருந்தான். அவனுடைய தாயார் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்தவர். நாங்கள் வந்த காரியத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"அண்ணாச்சி, நான் தமிழ்லதான் அஞ்சு வரைக்கும் படிச்சேன். இன்னைக்கு நாலு வீட்டுல பாத்திரந்தான் தேய்க்கேன். இவனாவது இங்கிலீஷ் படிக்கட்டும்."

எங்களில் ஒருவராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த ஆண்டு அந்த வகுப்பு மூடப்பட்டது. ஒன்பது பிள்ளைகளும் தொலைவிலுள்ள வேறொரு பள்ளிக்கு மாற்றப்பட்டார்கள்.

அந்தத் தாயாரை நான் குறைகூற மாட்டேன். பிள்ளையின் பயிற்று மொழியைத் தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றோருடையது, அரசு அதை வற்புறுத்த முடியாது என்று 2014இல் கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் அவருடைய வாதத்தின் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். விளங்காத மொழியில் எழுத்தறியத் தொடங்கும் குழந்தை ஒலியைக் கற்கிறது, பொருளைக் கற்பதில்லை. இதனால்தான் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், கூடுமானவரை ஐந்தாம் வகுப்பு வரையிலாவது தாய்மொழியே பயிற்று மொழியாக இருக்கட்டும் என்கிறது. அந்தப் பையன் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிப்பான். அர்த்தம் கேட்டால் விழிப்பான். சொல்லிக்கொடுக்கத் தாயாருக்கும் ஆங்கிலம் தெரியாது. பிற்பாடு அவரே அவனைச் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் சபைக் கூடத்தில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு அனுப்பினார். தமிழில் வாசிக்கத் தெரிந்த பின்பு, பாடத்தின் பொருளைத் தாயிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அவனுக்கு வழி பிறந்தது.

ஒரு மொழியின் நிலை ஆட்களின் எண்ணிக்கையால் மட்டும் அமைவதில்லை என்பதும் நாம் அறிய வேண்டிய ஒன்று. 2011 கணக்கெடுப்பின்படி பீலி மொழியைப் பேசுகிறவர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள். ஆயினும் அது சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் இல்லை. அதே கணக்கெடுப்பில் 24,821 பேர் மட்டுமே தாய்மொழியாகக் குறிப்பிட்ட சமஸ்கிருதம் தொடக்கம் முதலே அதில் இருக்கிறது. போஜ்புரியைத் தாய்மொழி என்று சொன்ன ஐந்து கோடிப் பேர் இந்திக்காரர்களோடு சேர்த்து எண்ணப்பட்டார்கள். சொந்த மாநிலமே இல்லாத சிந்தி மொழி 1967இல் அட்டவணையில் இடம்பெற்றது. போடோவும் சந்தாலியும் 2003இல் நிறைவேறிய திருத்தத்தால் உள்ளே வந்தன. தொடர்ந்து கேட்டவர்கள் பெற்றார்கள். குரல் எட்டாதவர்கள் கோடிப்பேராக இருந்தும் வெளியே நிற்கிறார்கள்.

இங்கே நமக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. அதன்படி பயின்ற முதல் பத்தாம் வகுப்பு அணி 2016இல் தேர்வெழுத இருந்தபோது, தெலுங்கையும் உருதுவையும் தாய்மொழியாக உடைய மாணவர்கள் நீதிமன்றத்தை நாடி விலக்குப் பெற நேர்ந்தது. மும்பையில் நாம் கேட்பதையே அவர்கள் அங்கே கேட்டார்கள். மராத்தியர்களும் அச்சமற்றவர்கள் அல்லர். 2020இல் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றிய இதே மகாராஷ்டிராவில், முதல் வகுப்பிலிருந்தே இந்தியை மூன்றாம் மொழியாக்கும் ஆணை 2025இல் பலத்த எதிர்ப்பை எழுப்பி, ஜூன் மாத இறுதியில் திரும்பப் பெறப்பட்டது. பெந்தெகொஸ்தே நாளில் பல தேசத்தார் தத்தம் தாய்மொழியிலேயே தேவனுடைய காரியங்களைக் கேட்டார்கள் என்று வாசிக்கிற நாம், நமக்குக் கேட்கும் உரிமையைப் பிறருக்கு மறுக்கலாகாது.

ஆகவே அன்பானவர்களே, நாம் செய்யக்கூடியவை சில உண்டு. நாம் உண்ணும் சோற்றைத் தந்த மாநிலத்தின் மொழியை நன்றாகக் கற்போம்; மராத்தியோ கன்னடமோ அது தமிழுக்குப் பகையல்ல. அருகிலுள்ள பள்ளியில் தமிழ் வகுப்பு இருக்குமானால், சேர்க்கை தொடங்குமுன்பே பெற்றோர் கூடிப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை எழுதிக் கையெழுத்திட்டு அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்வோம். வாயால் சொன்னது காற்றோடு போகும். 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி எது என்று கேட்கும்போது, சிறுவயதில் தாய் நம்மோடு பேசிய மொழியையே சொல்ல வேண்டும். கேட்பவர் தாமாகவே வேறொன்றை எழுதிக்கொள்ள இடங்கொடாதிருப்போம். வகுப்பே இல்லாத இடத்தில், இரவு உணவுக்குப் பின் கால்மணி நேரம் போதும். ஒரு தமிழ்ப் பக்கத்தைப் பிள்ளை உரக்க வாசிக்கட்டும், நாம் அருகில் அமர்ந்து கேட்போம்.