மகாநாடும் மலையும்

வெளியூர் மகாநாட்டுக்கு அழைப்பு வந்தால் எழுத்தாளர்கள் முதலில் பார்ப்பது நிகழ்ச்சி நிரலையல்ல, ஊரின் பெயரைத்தான். வெறும் ஊராக இருந்தால், "வேலை நெருக்கடி, மன்னிக்கவும்" என்று பதில் போய்விடும். அங்கே ஒரு கடலோ, மலையோ, அருவியோ இருந்துவிட்டால் இலக்கிய சேவையில் திடீரென்று ஆர்வம் பொங்கிவிடும். விசாகப்பட்டினத்தில் கடலும் இருக்கிறது, மலையும் இருக்கிறது. ஆகவே 2024 ஜனவரிக் கடைசியில் அங்கே நடந்த மொழிபெயர்ப்பு மகாநாட்டுக்கு, அழைக்கப்பட்ட அத்தனை பேரும் வந்து சேர்ந்துவிட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

பிறர் செலவில் பிரயாணம் செய்து, பிறர் போட்ட சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு, ஊர் சுற்றப் போகலாமா என்று சில நேர்மையாளர்கள் கேட்பதுண்டு. தாராளமாகப் போகலாம் என்பது என் கட்சி. மூன்று நாளும் மண்டபத்துக்குள்ளேயே அடைந்து கிடந்துவிட்டுத் திரும்பினால், விசாகப்பட்டினத்துக்கும் வில்லிவாக்கத்துக்கும் என்ன வித்தியாசம்? ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஊர் சுற்றும் நேரத்தை நம்முடைய தூக்கத்திலிருந்து திருட வேண்டும். மேடையில் பேசுகிறவர்களிடமிருந்து திருடக் கூடாது.

இந்தக் கொள்கைப்படி முதல் நாள் விடியற்காலை 5.30 மணிக்கே கிளம்பிவிட்டேன். விசாகப்பட்டினம் தட்டையான ஊர் அல்ல. நாம் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்போம். தெரு தானாக ஏற ஆரம்பித்துவிடும். மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தால், வீட்டுக் கூரைகளுக்கு மேலே கடல் எழுந்து நிற்கும். துறைமுகத்தை ஒட்டி மூன்று குன்றுகள் இருக்கின்றன. ஒன்றில் மாதா கோயில், இன்னொன்றில் தர்கா, மற்றொன்றில் வேங்கடேசப் பெருமாள். கீழே கப்பல் நுழையும் வழி. அதற்கு அப்பால் 'டால்பின் மூக்கு' என்ற மலை கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

இந்தத் துறைமுகம் 1933-இல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் அலையைத் தடுப்பதற்காக அந்த மலையடியில் இரண்டு பழைய கப்பல்களை மூழ்கடித்தார்களாம். மற்றக் கப்பல்கள் நிம்மதியாக உள்ளே வரட்டும் என்று தண்ணீருக்குள் போன கப்பல்கள்! மொழிபெயர்ப்பாளர்களின் மகாநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது என்று எண்ணிக்கொண்டே, 9.30 மணிக்குள் மண்டபத்துக்குத் திரும்பிவிட்டேன்.

இரண்டாம் நாள் மாலை, கடற்கரைச் சாலையில் நிற்கும் 'குர்சுரா' நீர்மூழ்கிக் கப்பலைப் பார்க்கப் போனோம். 1969 முதல் 2001 வரை கடற்படையில் உழைத்த கப்பல். 2002-இல் அதை மணலில் ஏற்றி நிறுத்திக் காட்சிசாலை ஆக்கிவிட்டார்கள். அதன் இடுக்கான அறைகளில் தலையைக் குனிந்து நடக்கையில், தஞ்சாவூர்க்காரரான என் நண்பர் காதோடு சொன்னார்:

"நாளைக்கு அரக்கு போகிறோம், ஓய்! காலை ஆறு மணிக்கு வண்டி. எட்டுப் பேர் சேர்ந்தாயிற்று. ஒன்பதாவது இடம் உமக்கு."

"பிற்பகல் அமர்வு இருக்கிறதே?"

"யாரோ ஒரு சின்னப் பெண் கட்டுரை வாசிக்கப் போகிறாள். அச்சில் வரும், அப்போது படித்துக்கொள்ளும்."

அரக்குப் பள்ளத்தாக்கு 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. வழியில் போரா குகைகள், மேலே காப்பித் தோட்டங்கள். ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அரக்கு எங்கேயும் ஓடிவிடாது. அந்தப் பெண் நாளை 2.30 மணிக்கு மட்டுந்தான் பேசுவாள். காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசுவது எப்படி இருக்கும் என்பது எழுத்தாளனுக்குத் தெரியாத விஷயமா?

மறுநாள் மண்டபத்தில் இருந்தவர்கள் 11 பேர். அவர்களில் இருவர் ஒலிபெருக்கிக்காரர்கள். தெலுங்குப் பெண், சென்னையில் இருந்து தமிழ் கற்றவள், ஒரு தமிழ் நாவலைத் தெலுங்கில் கொண்டுவருகிறாள். கட்டுரையை மூடி வைத்துவிட்டுத் தமிழிலேயே கேட்டாள்:

"அண்ணன் மனைவியை உங்கள் கதைகளில் ஒரு வீட்டில் அண்ணி என்கிறார்கள், ஒரு வீட்டில் மன்னி என்கிறார்கள், தெற்கே போனால் மதினி. எங்களுக்கு 'வதின' ஒன்றுதான். மூன்றுக்கும் அதையே போட்டால் கதை வந்துவிடும். ஆனால் மூன்று வீடும் ஒரே வீடாகிவிடுகிறதே, என்ன செய்யட்டும்?"

பெரியவர் ஒருவர் அடிக்குறிப்பு போடலாம் என்றார். அடிக்குறிப்பை வைத்துக்கொண்டு மதினியோடு பேச முடியுமா என்றார் இன்னொருவர். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். சொல்லை மாற்ற முடியாத இடத்தில் பேச்சை மாற்றுவது. மதினி வரும் வீட்டாரை ஸ்ரீகாகுளத்து வட்டாரத் தெலுங்கில் பேச விடுவது.

"அப்புறம் திருநெல்வேலிக்காரன் ஸ்ரீகாகுளத்துக்காரன் ஆகிவிடுவானே, அம்மா?" என்றேன்.

"ஆகட்டும், சார். ஏதோ ஓர் ஊர்க்காரனாகவாவது இருப்பான். இப்போது ஊரே இல்லாமல் அல்லவா நிற்கிறான்!"

மூன்று நாளில் கேட்ட பிரசங்கங்களில் எனக்கு நினைவிருப்பது இந்த ஒரு பதில்தான்.

இரவு பத்து மணிக்கு அரக்குக் கோஷ்டி காப்பிப் பொடிப் பொட்டலங்களோடு திரும்பியது. பாதி நேரம் வண்டியிலேயே போய்விட்டதாம். "பிரமாதமான இடம், சரியாகப் பார்க்கத்தான் முடியவில்லை" என்றார் நண்பர்.

மறுநாள் ரயில் மாலையில்தான். காலையில் எல்லோருமாகச் சிம்மாசலம் போனோம். முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு உள்ள கோயில். வராக நரசிம்மர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார். நிஜ ரூபத்தைக் காண்பது அட்சய திருதியை அன்று மட்டும். மற்ற நாட்களில் வருகிறவர்கள் அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை. கண்ட மட்டும் போதும் என்று கும்பிட்டுவிட்டு மலை இறங்குகிறார்கள். வேலையாகப் போகிறவன் ஒரு ஊரைப் பார்க்கிற முறையும் அதுதான்.

இப்போது எழுதிவரும் நாவலில் ஒரு மதினி வருகிறாள். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம், ஸ்ரீகாகுளத்தில் இதை எப்படிச் சொல்வார்கள் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருக்கிறது.