வியர் நதிக்கரையில் ஒரு வருஷம்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பிகள், "சார், ஃபாரின்ல வேலை பார்த்த அனுபவத்தை எழுதுங்க, ஜாலியா இருக்கும்" என்றார்கள். ஜாலியாக இருக்குமா, தெரியாது. நான் வேலை பார்த்தது மூடப்போகிற ஒரு கப்பல் கட்டும் தளத்தில்!

நம் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு, மேல்படிப்புக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்து பாலிடெக்னிக்குக்குப் போனேன் (1992ல் அது பல்கலைக்கழகமாகிவிட்டது). கொஞ்ச காலம் வகுப்பு, கொஞ்ச காலம் தொழிற்சாலை என்ற 'சாண்ட்விச்' படிப்பை 1903லேயே தொடங்கிய ஊர் அது. அப்படித்தான் 1988 தொடக்கத்தில் வியர் நதிக்கரைத் தளம் ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தேன்.

1346லிருந்து கப்பல் கட்டிய ஊர் என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 2,700க்கும் மேல் கட்டிக் குவித்த லிபர்ட்டி கப்பல்களின் மூல டிசைன் இவ்வூர் தாம்சன் தளத்துடையது. 1968ல் முதலாவது வெளிவந்த எஸ்.டி.14 சரக்குக் கப்பலை லைசென்ஸ் வாங்கி கிரீஸிலும் பிரேசிலிலும்கூடக் கட்டினார்கள். ஆனால் நான் போனபோது ஆர்டர் புத்தகம் ஏறக்குறைய காலி. ஜப்பானும் கொரியாவும் விலையில் முந்திவிட்டன. 1977ல் அரசுடைமையாக்கிய தொழிலை அரசே தலைமுழுகப் பார்த்தது.

என்னை ஒரு பிளேட்டரிடம் ஒட்டவைத்தார்கள். வயது அறுபதை நெருங்கும். கப்பலின் முகப்புத் தகடு இரண்டு வாக்கிலும் வளைய வேண்டும். ரோலரில் ஒரு வளைவுதான் சுலபமாக வரும். மற்றதற்கு, கேஸ் டார்ச்சால் கோடு கோடாகச் சூடேற்றி, பின்னாலேயே தண்ணீர் விட வேண்டும். சூடுபட்ட இடம் விரியப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு விடாது. ஆறும்போது சுருங்கித் தகட்டை இழுத்துவிடும். தியரி இவ்வளவுதான். எந்த இடத்தில், என்ன வேகத்தில் என்பதில்தான் வித்தை! சாக்பீஸால் கோடு கிழிப்பார், டெம்ப்ளேட்டை வைத்துப் பார்ப்பார், தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் நோட்டம் விடுவார். "எப்படிக் கணக்குப் போட்டீங்க?" என்றால், "தகடே சொல்லும் மாரா, கொஞ்சம் பொறு" என்பார். 'மாரா' என்றால் அந்த ஊரில் கூட்டாளி. நான் பதிலுக்கு 'சார்' என்றால் அவருக்குக் கோபம் வரும்!

ஒரே தகட்டை என்னை மூன்று முறை செய்யவைத்தார். எரிச்சலில், "மூடப்போற இடத்துல இவ்வளவு சுத்தமா எதுக்கு?" என்று கேட்டேவிட்டேன். "மூடப்போறது தளம். தகடு கடலுக்குப் போகுது. தண்ணிக்கு அந்த சமாச்சாரம் தெரியாது" என்றார்.

1988 டிசம்பரில் மூடுவதாக அரசு அறிவித்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை போயிற்று. மூடுவதற்காக ஐரோப்பிய சமூக விதிகளின்படி நிதியுதவி உண்டு; அதற்கு ஈடாக அந்தத் தளங்களில் மறுபடி கப்பல் கட்டக்கூடாது. வாங்கி நடத்துகிறோம் என்று வந்தவர்களும் திரும்பிப் போனார்கள். விலைப் போட்டியில் தோற்றது எனக்குப் புரிகிறது. கட்டவே கூடாது என்று பூட்டியதுதான் இன்றுவரை ஜீரணமாகவில்லை. மெஷினை ஏலம் விடலாம், டிராயிங்கை ஆவணக் காப்பகத்தில் வைக்கலாம். அந்த ஒற்றைக் கண் நோட்டத்தை எங்கே வைப்பது?

அடுத்த ஆண்டு அவரை ஒரு பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். கையில் அதே பழைய டிபன் பெட்டி. சும்மா இருக்க முடியவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துக்கு ஒரு இரும்பு கேட் வளைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

"கூலி?" என்றேன்.

"ரெண்டு கிளாஸ் பீர், மாரா. ஆனா மேல் வளைவு இன்னும் சரியா வரலை, நாளைக்குப் பிரிச்சுத் திரும்பப் பண்ணணும்" என்றபடி பஸ் ஏறினார்.