பட்டியலில் இல்லாத நான்கு ஜிபி

ஆகஸ்ட் 5, 2024, திங்கள்

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் அச்சகத்துக்கு ஆடிதான் சீசன். ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் எல்லாம் இப்போதுதான் வேலைக்கு வரும். காலையில் பெண்ணின் அப்பா ஒருவர் புரூஃப் பார்க்க வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். போட்டோஷாப்பில் பிள்ளையார் படம் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கியது. கிரீடம் வந்த பிறகு தும்பிக்கைக்கு அரை நிமிடம் காத்திருந்தோம். "அண்ணே, மறுபடியும் சுத்துது" என்றாள் டிசைன் செய்யும் தங்கச்சி. ஹார்ட் டிஸ்க் விளக்கு சிமிட்டாமல் ஒரேயடியாக எரிந்தது. முக்கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தவர், "சாயங்காலம் வரேன் தம்பி" என்று எழுந்தார். இரண்டு பஸ் மாறி வந்தவர். எனக்கு மனசே சரியில்லை.

சர்வீஸ் பார்க்கும் தம்பி போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "எட்டு ஜிபி ரேம் பத்தாதுண்ணே, இன்னொரு எட்டு போட்டுடலாம்." ஆனால் போன வருஷம் ஆடியிலும் இதே எட்டு ஜிபிதான், இதே வேலைதான். அப்போது ஓடியது இப்போது ஏன் ஓடவில்லை?

கடை சாத்தியதும் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். மெமரி 92 சதவீதம். எது எவ்வளவு எடுத்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டினேன். போட்டோஷாப், பிரவுசர், ஆன்டிவைரஸ் எல்லாம் சேர்த்து 3 ஜிபிதான் வந்தது. மேலே காட்டுவதோ 7.3 ஜிபி. மீதி நாலு ஜிபியை யார் வைத்திருக்கிறார்கள்?

பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைச் சொடுக்கினால், கீழே சின்ன எழுத்தில் நான்-பேஜ்டு பூல் என்று ஒரு வரி இருக்கிறது. விண்டோஸின் உள்மையமும் டிரைவர்களும் தங்களுக்கென்று பிடித்து வைத்திருக்கும் இடம் அது. அதை ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ள முடியாது. சாதாரணமாகச் சில நூறு எம்பி இருக்கும். எங்கள் மெஷினில் 4.3 ஜிபி. இது இடத்தை அடைத்துக்கொண்டால், தள்ளக்கூடிய போட்டோஷாப்பைத்தான் விண்டோஸ் டிஸ்க்குக்குத் தள்ளும். ரேம் பதில் சொல்ல ஏறக்குறைய 100 நானோ நொடி. சுழலும் டிஸ்க்குக்கு ஏறக்குறைய 10 மில்லி நொடி. ஒன்றுக்கு ஒரு லட்சம் மடங்கு. தும்பிக்கைக்குக் காத்திருந்த அரை நிமிடம் இதனால்தான்.

அதே பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைச் சொடுக்கினால் இன்னொரு எண்: கம்ப்யூட்டர் தொடர்ந்து ஓடும் நேரம் 19 நாள். தினமும் இரவு நானே ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் போகிறேன்! விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி வந்தது. ஷட் டவுன் கொடுத்தால் நம் புரோகிராம்களை மட்டும் மூடிவிட்டு, உள்மையத்தை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும். காலையில் அதையே எடுத்து விரிக்கும். நேற்றைய அழுக்கும் கூடவே வரும். முழுசாகத் துடைக்க ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும்.

ரீஸ்டார்ட் கொடுத்தேன். நான்-பேஜ்டு பூல் 190 எம்பிக்கு இறங்கியது. பிள்ளையார் ஒரே மூச்சில் வந்து நின்றார்.

ஆகஸ்ட் 7, புதன்

நான்-பேஜ்டு பூல் நேற்று இரவு 410 எம்பி. இன்று இரவு 630. நாளுக்கு 220 எம்பி கசிகிறது. 19 நாளுக்குப் பெருக்கினால் 4,180. தொடக்கத்தில் இருந்த 190-ஐச் சேர்த்தால் அன்று பார்த்த அதே 4.3 ஜிபி. கணக்கு கச்சிதமாகப் பொருந்தியதும் நிம்மதி வந்தது. சிவகாசி அட்டைக்குக் கட்ட வேண்டிய பணத்தில் இன்னொரு எட்டு ஜிபி வாங்கிப் போட்டிருந்தால், அதுவும் 37 நாளில் நிறைந்திருக்கும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கசியவிடுவது யார் என்று கண்டுபிடிக்க மைக்ரோசாஃப்டே பூல்மான் என்று ஒரு கருவி தருகிறது. கறுப்புத் திரையில் வரிவரியாக எண்கள். ஒவ்வொரு டிரைவரும் தான் எடுக்கும் இடத்துக்கு நான்கு எழுத்தில் ஒரு முத்திரை குத்தியிருக்கும். எடுத்த அளவுப்படி வரிசைப்படுத்தியதும் ஒரே முத்திரை உச்சியில் நின்றது. எடுத்த கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது. திருப்பிக் கொடுத்த கணக்கு பின்தங்கியே இருந்தது. டிரைவர்கள் இருக்கும் ஃபோல்டரில் அந்த நான்கு எழுத்தைத் தேடினேன். ஒரே ஒரு ஃபைலில் கிடைத்தது. ஜூனில் மதர்போர்டு மாற்றியபோது கூடவே வந்த, நெட்வொர்க்கை வேகப்படுத்துவதாகச் சொல்லும் ஒரு புரோகிராமின் துணை டிரைவர். நாங்கள் அதை ஒருநாளும் திறந்ததில்லை. அதை நீக்கிவிட்டு, நெட்வொர்க்குக்கு வேண்டிய அடிப்படை டிரைவரை மட்டும் புதிதாகப் போட்டு ரீஸ்டார்ட் செய்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கணக்கு எழுதும் மெஷினும் மந்தம்தான். அதிலும் தாளை வைத்துக் கூட்டினேன். 4 ஜிபி ரேம். பட்டியலில் இருப்பதைக் கூட்டினாலே முக்கால்வாசி நிறைந்துவிடுகிறது. நான்-பேஜ்டு பூல் 150 எம்பிதான். இங்கே ஒளிந்திருப்பவர் யாரும் இல்லை, இடமே குறைவு. இதற்கு ரேம் வாங்கத்தான் வேண்டும். தம்பியிடம் சொல்லிவிட்டேன். ஒரே மாதிரி நோவு, வேறு வேறு மருந்து.

ஆகஸ்ட் 14, புதன்

ஆறு நாள் ஆயிற்று. பூல் 200 எம்பிக்கு மேல் ஏறவில்லை. பெண்ணின் அப்பா வந்து பத்திரிகைக் கட்டை வாங்கிக்கொண்டார். ஒன்றை உருவி மஞ்சள் தடவிய மூலையைத் தொட்டுப் பார்த்து, "பிள்ளையார் நல்லா வந்திருக்கார் தம்பி" என்றார்.

கம்ப்யூட்டர் மந்தமானால் பணத்தை எடுக்கும் முன் தாளையும் பேனாவையும் எடுங்கள். பட்டியலைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையும் மேலே காட்டும் அளவும் ஏறக்குறைய ஒத்துப்போனால் ரேம் வாங்குங்கள், அல்லது திறந்து கிடப்பதை மூடுங்கள். பெரிய இடைவெளி இருந்தால் நான்-பேஜ்டு பூலைப் பாருங்கள். எதுவாக இருந்தாலும் வாரம் ஒருமுறை ஷட் டவுனுக்குப் பதிலாக ரீஸ்டார்ட்டை அழுத்துங்கள். அதற்குக் காசு ஒன்றும் கிடையாது.