‘டி’க்குக் கீழே உள்ள எண்

சிந்தாதிரிப்பேட்டையில் கூவக்கரையை ஒட்டிய சந்தில், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டுமே எடுத்துச் செய்யும் சின்னப் பட்டறை அது. கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் 1734-இல் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை. தறிச்சத்தம் ஓய்ந்து பல காலமாகிவிட்டது. இந்தச் சந்தில் இப்போது கேட்பது கம்ப்ரஸர் சத்தம். ஆற்றைத் தாண்டினால் பழைய உதிரிபாகங்களுக்குப் பேர்போன புதுப்பேட்டை.

மேசையில் பழைய கார் ஒன்றின் மூன்று கியர் பெட்டி பிரிந்து கிடந்தது. மற்ற பட்டறைகளில் எந்நேரமும் கையில் இருக்கும் காட்டன் வேஸ்ட் இங்கே உள்ளே வரவே கூடாது. வால்வு பாடியில் எண்ணெய் ஓடும் தடங்கள் அத்தனை குறுகல். ஒரு நூல் பிசிறு சிக்கினால் கியர் மாறாது. வால்வு பாடியைத் திறந்ததும் மிளகளவு எஃகுக் குண்டுகள் தெரிந்தன. எது எந்தக் குழியில் இருந்தது என்று உதவிக்கு நின்ற பையன் அட்டையில் வரைந்துகொண்டான். ஒன்று இடம் மாறினாலும் பெட்டியை மறுபடி இறக்க வேண்டியதுதான்.

“சிட்டில நல்லாத்தான் ஓடுது சார். ஏற்காடு இறக்கத்துல ரெண்டுல போட்டும் வண்டி புடிக்கலையாம்,” என்றார் மேஸ்திரி.

ஒரு வளையத்தைக் கையில் எடுத்துச் சுற்றிக் காட்டினார். ஒரு பக்கம் பிடித்தது. மறுபக்கம் வழுக்கிக்கொண்டு ஓடியது. லிவர் ‘டி’யில் (டிரைவ்) இருந்து இரண்டாம் கியர் ஓடும்போது இன்ஜின் சக்கரத்தைத் தள்ளினால் இந்த வளையம் பிடிக்கும். இறக்கத்தில் சக்கரம் இன்ஜினைத் தள்ளினால் விட்டுவிடும். லிவரை ‘2’க்கு இழுத்தால்தான் எண்ணெய் அழுத்தத்தில் ஒரு பட்டை உருளையை இறுக்கிப் பிடித்து இன்ஜின் பிரேக்கைக் கொடுக்கிறது. இந்த வண்டியில் அந்தப் பட்டையின் உள்பூச்சு தேய்ந்து, இரும்பு பளபளத்தது. எண்ணெயும் சிவப்புப் போய்க் கருத்து, தீய்ந்த வாடை அடித்தது. சமதரையில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. மேஸ்திரியின் கைத்திறனைவிட, ஓட்டியவர் சொன்ன அந்த ஒற்றை வரியை அவர் காது கொடுத்துக் கேட்டதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஆட்டோமேட்டிக் என்றால் கியரைத் தொடவே வேண்டாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ‘டி’யிலேயே, பிரேக்கை மிதித்தபடி இறங்குகிறோம். பிரேக் சூடேறினால் மிதிக்க மிதிக்கப் பிடிமானம் குறையும். இறக்கம் தொடங்கும் முன்பே பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, பிறகு கியரை ஒரு படி இறக்க வேண்டும். வேகமாகப் போகும்போது ‘எல்’லுக்கு (லோ) இழுப்பது இன்ஜினுக்கு ஆபத்து. நான்கு கியர் வண்டியில் ஓவர்டிரைவ் பொத்தானை அணைப்பது முதல் படி.

பழைய ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் மலைக்குக் கிளம்பும் முன், நெரிசல் இல்லாத நேரத்தில் ஏதாவதொரு மேம்பால இறக்கத்தில் மெதுவாகப் போய் ‘2’ போட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பாருங்கள். வண்டி பிடிக்கவில்லை என்றால் மலைக்குப் போகாதீர்கள். முதலில் பட்டறைக்குப் போங்கள்.